கீழே வைத்த கத்தி

1

இந்தக் கதையை எழுதும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டது ஒரு கட்டுரை. மதுரை வாரப் பத்திரிகை ஒன்று தன் கோடை மலருக்காக, பயணம் போகிறவர்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் சீமை மடக்குக் கத்தியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னது. தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்: 'உல்லாசப் பயணத்துக்கு உற்ற துணைவன்'.

"லேசா இருக்கட்டும் சார். கொடைக்கானல் போறவன் ரயில்ல படிக்கிறது. சிரிச்சுக்கிட்டே கொடைரோட்டுல இறங்கணும்" என்றார் ஆசிரியர்.

என் வீட்டில் இருப்பது ஓர் அரிவாள்மனையும், பென்சில் சீவுவதற்கு ஒரு பழைய பிளேடும்தான். பூட்டுச் செய்கிற ஊரில் குடியிருக்கிறேனே தவிர, இரும்புக்கும் எனக்கும் அவ்வளவுதான் பழக்கம். திண்டுக்கல்லில் அப்படி ஒரு கத்தி யாரிடம் இருக்கும் என்று விசாரித்ததில், தோல் பதனிடும் தோல்ஷாப் ஒன்றில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற இருதயநாதனிடம் இருப்பதாகச் சொன்னார்கள். தோல் வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் பூசை முடிந்து திரும்பும் நேரமாகப் பார்த்துப் போனேன். காப்பி கொடுத்தார். கத்தியைப் பற்றிக் கேட்டால், அது ஒரு தடவை களவு போய்த் திரும்பி வந்த கதையைச் சொன்னார். சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் டம்ளர் தளும்பி அவர் வேட்டியிலேயே காப்பி சிந்தியது.

நான் சிரிக்கவில்லை. நல்லவன் என்பதால் என்று நினைத்துவிட வேண்டாம், எனக்கு எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும். அவர் வீட்டுப் படியிறங்கி, தெருமுனையில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் கேட்டது என்ன என்று புரிந்தது. பஸ் வந்தது, போயிற்று. நான் ஏறவில்லை. அன்று ஏறிய கோபம் இதை எழுதுகிற இன்றுவரை இறங்கவில்லை.

அவர் சொன்ன கதையில் அவளுக்குப் பெயர் கிடையாது. "அந்தப் பொம்பளை" என்றுதான் கடைசிவரை சொன்னார். ஒச்சம்மாள் என்பது நான் வைத்த பெயர். நிலக்கோட்டைப் பக்கம் வீட்டுக்கு ஒருத்திக்கு அந்தப் பெயர் இருக்கும், ஆகவே பொய்யாகப் போக வாய்ப்பில்லை. அவர் தன் பக்கத்திலிருந்து சொன்னார். நான் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டு சொல்லப்போகிறேன். எது அவர் சொன்னது, எது நான் சேர்த்தது என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: 'கொடைரோடு ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டி வந்து நின்றபோது, மேற்கே மலை நீலமாக—'

நிறுத்திவிட்டேன். மலை நீலமாக இருந்தால் என்ன, பச்சையாக இருந்தால் யாருக்கு என்ன. இந்தக் கதையில் ஒருவரும் மலை ஏறவில்லை.

தொடக்கம் இரண்டு: 'ஒச்சம்மாள் ஓர் ஏழைப் பெண். சூதுவாது அறியாத—'

இதையும் அடித்துவிட்டேன். 'ஏழைப் பெண்' என்று எழுதிய உடனே வாசகர் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்கிறார். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். அதற்கு நான் இடம் கொடுக்கப்போவதில்லை. மேலும் அவள் சூதுவாது அறியாதவள் என்று யார் சொன்னது? குத்தகைக்கு மல்லிகைத் தோட்டம் வைத்துப் பிழைக்கிறவள். பூக்கமிஷன் கடைக்காரன் தராசில் விரலை வைத்தால் அந்த விரலிலேயே ஒரு போடு போடுகிறவள். ஊரில் அவளுக்கு வாய்க்காரி என்று பெயர்.

[முதல் படியில் அவளை வாயில்லாப் பூச்சியாக எழுதியிருந்தேன். எழுத எழுத அவள் பேச வேண்டிய இடங்களிலெல்லாம் புருசன் பேசிக்கொண்டிருந்தான். அந்தத் தாள்களை வெந்நீர் அடுப்பில் போட்டாயிற்று.]

தொடக்கம் மூன்று. இதுவே இருக்கட்டும்.

ஐம்பத்தொன்பதாம் வருடம், மார்கழி. கண்மாய் நிறையத் தண்ணீர், தண்ணீர் நிறைய வாத்து. இருதயநாதனும் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும் துப்பாக்கி, தூண்டில், கூடாரம் சகிதம் கொடைரோட்டில் வந்து இறங்கினார்கள். இரண்டு நாள் கண்மாய்க் கரையில் தங்கி வேட்டையாடுவதாகத் திட்டம். சாமான்களை ஏற்றிப் போக உடையப்பனின் மாட்டு வண்டியை அமர்த்தினார்கள். வண்டி பாதி வழி வந்த பிறகுதான், யாருக்கும் சமைக்கத் தெரியாது என்பது அவர்களுக்கு நினைவு வந்தது.

"உம் பொண்டாட்டி கறி வைப்பாளாப்பா?" என்று கேட்டார் இருதயநாதன்.

"வைப்பா சாமி. ஆனா காரமா வைப்பா. பேச்சும் அப்படித்தேன் இருக்கும்" என்றான் உடையப்பன்.

இப்படித்தான் ஒச்சம்மாள் இந்தக் கதைக்குள் வந்தாள். நான் கூப்பிடவில்லை. வாத்துக்கறி கூப்பிட்டது.

3

ஆசிரியருக்கு இதுவரை எழுதியதைக் காட்டினேன். "கத்தி எங்க சார்? அதுல என்னென்ன இருக்குன்னு அரைப் பக்கத்துக்காவது வரணுமே" என்றார். நியாயம்தான். இதோ.

மடக்கினால் தீப்பெட்டியைவிடச் சற்று நீளம். சிவப்புப் பிடி. பிரித்தால் பெரிய அலகு ஒன்று, சின்ன அலகு ஒன்று, குச்சி அறுக்க ஒரு குட்டி ரம்பம், தகர டப்பா திறக்க ஒரு கொக்கி, தோலில் துளை போட ஓர் ஊசி, ஒரு கத்தரி, திருகாணி முடுக்க ஒரு திருப்புளி, பாட்டில் தக்கையைத் திருகி எடுக்க ஒரு சுருள் கம்பி. காட்டில் மனிதன் தனியாக மாட்டிக்கொண்டால் இது ஒன்று போதும், பிழைத்துக்கொள்வான் என்று வெள்ளைக்காரர் சொன்னாராம். காட்டில் பிழைக்கலாம். போலீஸ் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டவள் என்ன செய்வது என்று அந்தத் துரை சொல்லவில்லை.

(தக்கை திருகும் கம்பிக்கு ஓர் அடிக்குறிப்பு: நாட்டில் மதுவிலக்கு இருக்கும்போது அதற்கென்ன வேலை என்று கேட்கிறவர்கள் வெள்ளை மனம் கொண்டவர்கள். கண்மாய்க் கரையில் அன்று அதிகம் உழைத்தது அந்தக் கம்பிதான். இதை இருதயநாதனே சொன்னார். ஸ்டேஷனில் மட்டும் சொல்லவில்லை.)

இரண்டாம் நாள் சாயங்காலம். வாத்துக்கறி கொதித்து இறங்கியிருந்தது. நான்கு பேரும் மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டார்கள். இருதயநாதனுக்கு உள்ளே போயிருந்த சரக்கும் கறியும் சேர்ந்து மனசு ரொம்பவும் விசாலமாகிவிட்டது. எழுந்து அடுப்படிக்கு வந்தார். கத்தியை மடக்கி, கூட்டாளிகள் எல்லாரும் பார்க்கும்படி அவளிடம் நீட்டினார்.

"இந்தா. இது உனக்குத்தான். சீமைச் சாமான். வச்சுக்க."

ஒச்சம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஆனால் நீட்டவில்லை.

"கீழ வச்சிருங்கய்யா" என்றாள்.

கூட்டாளிகளில் ஒருவர், "வேண்டாங்கிறாப்பா, உன் சீமைச் சாமான் அவளுக்கு ஆகலையாம்" என்று கெக்கலித்தார். இருதயநாதனும் சிரித்துக்கொண்டே அடுப்புக்குப் பக்கத்துக் கல்லில் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அவர் நாலு எட்டு நடந்த பிறகு அவள் குனிந்து எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் முடிந்தாள்.

(அடுத்த அடிக்குறிப்பு தமிழ் வாசகருக்குத் தேவையில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன், பின்னால் தெரியாது என்று ஒருவரும் சொல்லக் கூடாது. கத்தி, கத்தரி, அரிவாள், உப்பு இவற்றைக் கைக்குக் கை கொடுப்பதில்லை, வாங்குவதில்லை. கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும். ஒருவர் கீழே வைக்க மற்றவர் எடுத்துக்கொள்வதுதான் முறை. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. என் மனைவி அரிவாள்மனையைக் கேட்டால் நானும் தரையில்தான் வைக்கிறேன்.)

ஆகவே நடந்தது இதுதான். தனக்கும் அந்த மேனேஜருக்கும் நடுவில் சண்டை எதுவும் வந்துவிடக் கூடாது என்று ஒச்சம்மாள் நினைத்தாள்.

4

மூன்று நாள் கழித்துக் கான்ஸ்டபிள் சடையாண்டி அவளைத் தேடி வந்தபோது அவள் மல்லிகைக்குக் கவாத்து பண்ணிக்கொண்டிருந்தாள். மார்கழியில் பூ இருக்காது. செடியை வெட்டிவிட்டால்தான் மாசி பங்குனியில் அரும்பு கட்டும். தடித்த கொம்புக்கு அரிவாளும், குச்சிக் கொப்புக்கு அந்தக் குட்டி ரம்பமுமாகப் போய்க்கொண்டிருந்தது வேலை. ரோட்டோரத் தோட்டம். போகிற வருகிற பஸ்ஸெல்லாம் பார்க்கும்படி நின்று, களவாண்ட சாமானை வைத்து ஒருத்தி கொப்பு அறுத்துக்கொண்டிருக்கிறாள். இதைப் பார்த்துச் சடையாண்டிக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தோன்றுவதற்காக அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

"ஏத்தா, இந்தக் கத்தி ஏது?"

"மேனேஜரய்யா குடுத்தாக."

"அவரு களவு போச்சுன்னு எழுதிக் குடுத்திருக்காரே."

அவள் சிரித்தாள். "செத்த நேரம் இருங்கண்ணே, இந்தப் பாத்திய முடிச்சிட்டு வாரேன். நேர்ல சொன்னா அவருக்கு ஞாபகம் வந்துரும். அன்னைக்கு அவரு நெலம அப்படி" என்றாள்.

அவளுக்குப் பயம் இல்லை. ஸ்டேஷன் வாசல் வரைக்கும் இல்லை. வாசலில்தான் கால் நின்றது.

ஏன் நின்றது என்பதற்கு அவளுடைய அப்பாவைச் சொல்ல வேண்டும். இருதயநாதன் சொன்னது ஒரே வரி: "அவ அப்பன் ரேகை வச்சவன் சார். ரத்தத்துலயே இருக்கு." அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒரு கூட்டத்தில் பிறந்தவன் அத்தனை பேரும் திருடன் என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டு வைத்திருந்தான். திருடினாலும் திருடாவிட்டாலும் ஆண்பிள்ளைகள் விரல் ரேகை கொடுக்க வேண்டும், ராத்திரியானால் போலீஸ் சொல்கிற இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். சுதந்திரம் வருகிற சமயத்தில்தான் இங்கே அந்தச் சட்டம் எடுபட்டது. அதுவரைக்கும் ஒச்சம்மாளின் அப்பா பொழுது சாய்ந்ததும் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாவடிக்குப் போவார். ரேகை எடுத்த அன்றைக்குக் கட்டைவிரலில் மை ஒட்டியிருக்கும். சின்னப்பிள்ளை ஒச்சம்மாள் புளியைக் கரைத்து அந்த விரலைத் தேய்த்துவிடுவாள்.

[புளி என் கற்பனை. மை புளிக்குப் போகுமா என்று தெரியாது. ஆனால் யாராவது ஒரு பிள்ளை எதையாவது போட்டுத் தேய்த்திருக்கும், அதில் சந்தேகம் இல்லை.]

சட்டம் எடுபட்ட பிறகும் அவர் சில நாள் பழக்க தோசத்தில் பாயைச் சுருட்டினாராம். அவள் அம்மா வாசலில் மறித்து நின்றுகொண்டு, "இனி இந்த வீட்டுல ஒருத்தரும் எவங்கிட்டயும் வெரலை நீட்டப்படாது" என்றாளாம். இதுவும் நான் சேர்த்ததுதான். சேர்க்காமல் இருக்க முடியவில்லை.

5

ஸ்டேஷன் எந்த ஊர் என்று எழுதமாட்டேன். எழுதினால் அந்த ஒரு ஸ்டேஷனில் மட்டும் நடந்ததாகிவிடும்.

உள்ளே இருதயநாதன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூட இரண்டு கூட்டாளிகள். அவர் ஏன் புகார் கொடுத்தார் என்பதற்கு அவரே என்னிடம் காரணம் சொன்னார்: கத்தியைக் கொடுத்த வெள்ளைக்காரர் பொங்கலுக்குள் திரும்பவும் வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். வந்தால் கேட்பார். சமையல்காரியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல முடியுமா? உடையப்பனிடம் ஆள் அனுப்பி, "கத்தியைத் திருப்பிக் குடு, வேற ஏதாவது தாரேன்" என்று கேட்டிருக்கலாம். அதற்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கொடுத்ததைத் திரும்பக் கேட்பது கேவலம். களவு போனதைத் திரும்பக் கேட்பதில் ஒரு கேவலமும் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்: "நீங்க இவளுக்குக் குடுத்தீங்களா சார்?"

"நீட்டினேன். இவ வாங்கலை."

கூட்டாளிகளும் அதையே சொன்னார்கள். "வாங்கலை சார். கீழ வைன்னுட்டா. நாங்க கண்ணால பாத்தோம்."

பாருங்கள், ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. எனக்கு அடங்காத ஆத்திரம் இந்த இடத்தில்தான். பொய் சொல்லியிருந்தால் பொய்யர்கள் என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

"கேட்டுக்கிட்டியா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"கீழ வைங்கன்னு நாந்தேன் சொன்னேன்" என்றாள் ஒச்சம்மாள். "வேணாம்னா சொன்னேன்? கத்தியப் போயிக் கையில வாங்குவாகளா? உங்க வீட்டுல வாங்குவாகளா?"

"எங்க வீட்டுக் கதை உனக்கெதுக்கு? அவரு நீட்டினாரு, நீ வாங்கலை. அவரு வச்சிட்டுப் போனாரு, நீ எடுத்துக்கிட்ட. அதுக்கு என்ன பேரு?"

"நீங்க சொல்லுங்கண்ணே" என்று சடையாண்டியிடம் திரும்பினாள். சடையாண்டி சுவரில் பல்லி பார்த்தார். அவர் பொண்டாட்டியும் அருவாளைத் தரையில் வைத்துத்தான் தள்ளுவாள். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருடைய அம்மாவும் அப்படித்தான் தள்ளியிருப்பாள். கத்தி களவு போகவில்லை, அந்த அறையில் அப்போது களவு போனது எல்லாருடைய ஞாபகமும்தான்.

இருதயநாதன் பெருந்தன்மையாகப் பேசினார். "கேஸெல்லாம் வேண்டாம் சார். பொம்பளை, பாவம். தெரியாம எடுத்துட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு ஒரு காகிதத்துல ரேகை வச்சிட்டுப் போகட்டும்."

சப்-இன்ஸ்பெக்டர் காகிதத்தை எழுதினார். மை டப்பாவைத் திறந்து பெஞ்சின் மேல் வைத்தார். கட்டைவிரலை ஒரு தரம் ஒற்றிவிட்டு அவள் கவாத்து வேலைக்குப் போய்விடலாம். மறுத்தால் திருட்டுக் கேஸ்.

"கத்திய அவருக்கே குடுத்திருங்க. எனக்கு வேணாம்" என்றாள் ஒச்சம்மாள். "ரேகை வைக்கமாட்டேன்."

வாசலில் நின்ற உடையப்பன் உள்ளே எட்டிப் பார்த்து, "வச்சிட்டு வா புள்ள. ஒரு வெரலுதான. உள்ள தூக்கிப் போட்டா அம்புட்டும் போச்சு" என்று கெஞ்சினான்.

"நீ சும்மா இருய்யா. ஒரு வெரலுதான்னு சொல்லித்தேன் எங்கப்பன்கிட்டயும் வாங்குனாய்ங்க" என்றாள்.

6

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் ஒச்சம்மாள், "அந்தக் கத்திய எங்கையில குடுங்கய்யா பாப்போம்" என்கிறாள். இருதயநாதன் மேஜையிலிருந்து கத்தியை எடுக்கிறார். கை தன்னால் தாழ்ந்து அவள் முன்னால் பெஞ்சின் மேல் கத்தியை வைத்துவிடுகிறது. எல்லாரும் பார்க்கிறார்கள். சப்-இன்ஸ்பெக்டர் காகிதத்தைக் கிழிக்கிறார். எழுதி முடித்ததும் எழுந்து நின்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். ஆசிரியருக்கும் வாயெல்லாம் பல். "இது போதும் சார், முத்திரைக் கதை" என்றார். மறுநாள் காலையில் வாசித்துவிட்டுக் கோடு போட்டு அடித்துவிட்டேன். நியாயம் வெளியே தெரிந்துவிட்டால் அதிகாரி தலைகுனிவார் என்று நம்புகிறவன் ஒரு தடவையும் ஸ்டேஷனுக்குப் போகாதவன். அங்கே யாருக்கும் நியாயம் தெரியாமல் இல்லை.

இரண்டாவது முடிவில் அவள் புருசன் சொல் கேட்டு ரேகை வைத்துவிடுகிறாள். வீட்டுக்கு வந்து கண்மாயில் இறங்கி விரலைத் தேய்த்துத் தேய்த்து... வேண்டாம். அவள் சம்மதிக்கமாட்டாள். எழுதும்போதே பேனா திமிறியது.

மூன்றாவது முடிவில் திண்டுக்கல் கோர்ட். வாய்க்காரி ஒச்சம்மாள் கூண்டில் நின்று ஒரு பக்கத்துக்குப் பேசுகிறாள். அருமையான பேச்சு. அந்த ஒரு பக்கமும் நான் பேசியது, அவள் வாயை இரவல் வாங்கி. அவளுக்குச் சொந்தமான சொல் அதில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கிழித்துவிட்டேன்.

இங்கே ஒரு வாசகர் குறுக்கே வருவார். நிலக்கோட்டை என்ன சீமையிலா இருக்கிறது, பஸ் ஏறிப் போய் அந்தப் பெண்ணையே தேடிப் பிடித்து என்ன நடந்தது என்று கேட்டுவிட்டால் என்ன என்பார். ஐயா, அந்தப் பெண் எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிட்டாள். கேட்டு விளங்கிக்கொள்ள வேண்டிய ஆள் அவளல்ல.

7

உண்மையான முடிவு எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையே தெரியும். இருதயநாதன் கதையை அரைகுறையாக விடுகிறவர் இல்லை. இத்தனை நேரமும் நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

முதலில் கத்தி. சிரித்து ஓய்ந்த பிறகு, "அந்தக் கத்தியைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று கேட்டேன். கட்டுரைக்கு வேண்டுமே. "பேஷா" என்று எழுந்து போய்ப் பீரோவிலிருந்து எடுத்து வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் என் கையில் தரவில்லை. குனிந்து, என் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் முக்காலியின் மேல் வைத்தார்.

"கையில குடுக்கப்படாது சார், ஆகாது. நமக்குள்ள எதுக்கு வீண் மனத்தாங்கல்" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு கள்ளமும் இல்லை. ஆறேழு வருடத்துக்கு முன்னால் ஒருத்தி இதையே சொன்னதற்குத்தான் திருடியானாள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. அவருக்கும் எனக்கும் என்றால் அது சம்பிரதாயம். அவருக்கும் அவளுக்கும் என்றால் அது வாங்க மறுத்தது. தெருமுனையில் எனக்குப் புரிந்தது இதுதான்.

அடுத்தது விரல். அவர் சொன்ன வார்த்தையிலேயே தருகிறேன்.

"ரேகை வைக்கமாட்டேன்னு முஷ்டியை இறுக்கிக்கிட்டா சார். கான்ஸ்டபிள் பிடிக்கிறாரு, சப்-இன்ஸ்பெக்டர் பிடிக்கிறாரு, ம்ஹும். பொம்பளைக்கு அம்புட்டு பலம். பூப்பறிக்கிற கையில்ல. புருசங்காரன் வாசல்ல நின்னு அழுகுறான். கடைசியில நாந்தான் எந்திரிச்சுப் போனேன். எவ்வளவு நேரம் உக்காந்திருக்கிறது சொல்லுங்க. நானே ஒவ்வொரு விரலாப் பிரிச்சு, இந்தா இப்படி, இந்தக் கட்டைவிரலைப் பிடிச்சு..."

தன் வலது கட்டைவிரலை இடது கையால் பிடித்து முக்காலியில் அமுக்கிக் காட்டினார். சிரிப்பில் முக்காலி ஆடி, அப்போதுதான் காப்பி சிந்தியது.

"அப்புறம் ஒண்ணும் பண்ணலை சார். அனுப்பிச்சிட்டோம். தயவாத்தான் நடந்துக்கிட்டோம்."

இதுதான் முடிவு. ஆசிரியர் அவர்களே, உங்கள் கோடை மலரில் போடுவதற்கு என்னிடம் கட்டுரை இல்லை. உற்ற துணைவன் இருதயநாதனின் பீரோவில் சுகமாக இருக்கிறான், துருப்பிடிக்கவில்லை.

வாசகருக்கு ஒன்று. அவர் சொன்ன முடிவை அவர் வாயில் வைத்தே எழுதினேன். என் வாக்கியமாக எழுதமாட்டேன். எழுத ஆரம்பித்துப் பார்த்தேன்: 'இருதயநாதன் நாற்காலியை விட்டு எழுந்து, அவளுடைய சுண்டு விரலை—'

முடியவில்லை. அந்த வாக்கியத்தை முடிக்க வேண்டுமானால் நானும் எழுந்து போய் ஒரு பக்கம் பிடிக்க வேண்டும்.

ஆகவே என் கதையில் அவள் இன்னும் அந்தப் பெஞ்சுக்கு முன்னால்தான் நிற்கிறாள். காகிதம் இருக்கிறது, மை டப்பா திறந்திருக்கிறது, அவள் கை மூடியிருக்கிறது. கதை என்றால் முடிவு வேண்டும் என்கிறவர்கள் எழுந்து வந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நான் பிடிக்கமாட்டேன்.